திருகோணமலையில் அமைதியாகச் சைக்கிள் ஓட எங்கே போகலாம்? கடற்கரையை விட்டு வயல் பக்கம் திரும்புங்கள்

உங்கள் கேள்வியைச் சுருக்கமாகத் திருப்பிச் சொல்கிறேன், மற்றவர்களுக்கும் விளங்கட்டும். வேலை மாற்றலாகி திருகோணமலைக்கு வந்திருக்கிறீர்கள். வயது ஐம்பதை நெருங்குகிறது, கியர் சைக்கிள் இருக்கிறது, சில நாட்களில் மனைவியும் கூட வருவார். வேகமாக ஓட வேண்டும் என்று இல்லை. லொறிக்காரர் காதுக்குள் ஹோர்ன் அடிக்காத, ஏற்றம் அதிகம் இல்லாத, ஊரும் வயலும் பார்த்துக்கொண்டு போகக்கூடிய ரோட்டுகள் எவை, எந்த மாதத்தில் எந்த நேரத்தில் போகலாம் என்று கேட்கிறீர்கள்.

இதற்கு உடனே வரும் பதில் நிலாவெளி ரோட்டு என்பதுதான். வெளியூரிலிருந்து வருகிறவருக்கு எல்லாரும் அதைத்தான் காட்டுவார்கள். நல்ல ரோட்டுத்தான், அதைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் நீங்கள் கேட்கிற அமைதி கடற்கரைப் பக்கம் கிடைப்பது குறைவு. தெற்கேயும் தென்மேற்கேயும் தம்பலகாமம், கிண்ணியா, மூதூர்ப் பக்கம் வயலுக்குள் ஓடுகிற ரோட்டுகளில்தான் அது இருக்கிறது. இந்த மாவட்டத்திலேயே சைக்கிளுக்கு ஏற்ற இடம் எது என்று என்னை ஒரே பெயர் சொல்லச் சொன்னால் தம்பலகாமம் என்பேன், யோசிக்காமல்.

ஆனால் ரோட்டைப் பார்க்கும் முன் காற்றைப் பார்க்க வேண்டும். இங்கே தரை பெரும்பாலும் தட்டை, மலை ஏறி யாரும் களைப்பதில்லை, காற்றுத்தான் களைக்க வைக்கும். ஏறக்குறைய வைகாசி கடைசியில் தொடங்கி ஆவணி, புரட்டாதி வரைக்கும் கச்சான் அடிக்கும். தென்மேற்கிலிருந்து தரை வழியாக வருகிற காய்ந்த சூட்டுக் காற்று அது. விடியலில் பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும், வெயில் ஏற ஏற எழும்பும், பத்து மணிக்குப் பிறகு எதிர்க்காற்றில் மிதித்தால் ஊர்கிற வேகம்தான் வரும். இந்த மாதங்களில் காலையில் நிலாவெளிக்குப் போவது சுகம், காற்று முதுகில் தள்ளிக்கொண்டே போகும், ஆனால் திரும்பி வரும்போது வெயிலும் ஏறியிருக்கும், காற்றும் முகத்தில் அடிக்கும், காலும் களைத்திருக்கும். அதனால் கச்சான் காலத்தில் தென்மேற்குப் பக்கமாகத் தம்பலகாமத்துக்குப் போங்கள். போகும்போது காற்று இன்னும் எழும்பியிருக்காது, திரும்பும்போது அதுவே உங்களை வீட்டில் கொண்டுவந்து விடும். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மாரிகாலம். வாடைக்காற்று வடகிழக்கிலிருந்து மழையைக் கொண்டுவரும், நாள் முழுக்க அடைத்துப் பெய்யும், தாழ்வான ரோட்டுகளில் வெள்ளம் ஏறும். அந்த மாதங்களில் தூரப் பயணம் வேண்டாம். மாரி ஓய்ந்த பிறகு, மாசியும் பங்குனியும்தான் எங்கும் எந்தப் பக்கமும் போகக்கூடிய காலம். குளம் நிரம்பியிருக்கும், வயல் விளைந்திருக்கும், வெயிலும் முழுதாகச் சுடத் தொடங்கியிருக்காது. நிலாவெளி, குச்சவெளிப் பக்கத்தை அந்த நாட்களுக்கு ஒதுக்கி வையுங்கள்.

சரி, தம்பலகாமம்.

பட்டினத்திலிருந்து கண்டி வீதியால் ஏறக்குறைய 24 கிலோமீற்றர். இந்த முதல் பகுதி அமைதியான ரோட்டு இல்லை, அதை ஒளிக்க மாட்டேன். சீனக்குடாவில் மா ஆலை இருக்கிறது, சீமெந்து ஆலை இருக்கிறது, கொழும்பு போகிற பெரிய லொறிகள் எல்லாம் இந்த வழிதான். ஆனால் ரோட்டு அகலமான கார்ப்பெட் ரோட்டு, ஓரத்தில் சைக்கிளுக்கு இடம் இருக்கிறது, விடியப்புறம் ஆறு மணிக்குப் புறப்பட்டால் லொறிகள் வரிசை கட்டும் முன் கப்பல்துறையைத் தாண்டிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை என்றால் இன்னும் நல்லது. மனைவிக்கு இந்தத் துண்டு பயமாக இருந்தால் ஒரு பட்டா லொறி, அதாவது சின்னச் சாமான் லொறி, பிடித்து இரண்டு சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு நேரே தம்பலகாமம் கோயிலடிக்குப் போய், அங்கிருந்து ஓடத் தொடங்குங்கள். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை, வயலுக்குள் ஓடுவதற்குத்தானே போகிறோம்.

தம்பலகாமம் சந்தியில் பெரிய ரோட்டை விட்டு இடப்பக்கம் உள்ளே திரும்பியதும் சத்தம் அடங்குவது தெரியும். இரண்டு பக்கமும் வயல், நடுவில் ரோட்டு, ரோட்டோரத்தில் வாய்க்கால். கந்தளாய்க் குளத்துத் தண்ணீர் இந்த வயல்களுக்கு வருகிறது. குளக்கோட்டன் கட்டிய குளம் என்று எங்கள் ஆட்கள் சொல்வார்கள், சிங்களப் பக்கத்தில் அக்கபோதி அரசனின் பெயரைச் சொல்வார்கள், யார் கட்டினாலும் இன்றைக்கும் இந்தப் பகுதிக்குச் சோறு போடுவது அதுதான். 1986 சித்திரையில் அந்தக் குளக்கட்டு உடைந்து உயிர்களையும் வீடுகளையும் வயல்களையும் கொண்டுபோனது வயதானவர்களுக்கு இன்னும் நினைவிருக்கிறது. தேத்தண்ணிக் கடையில் உட்கார்ந்து கேட்டால் சொல்வார்கள்.

தம்பலகாமத்தின் அழகு அதன் குடியிருப்பு முறையில் இருக்கிறது. வயல்வெளிக்கு நடுவே கொஞ்சம் உயர்ந்த மேட்டு நிலங்களில்தான் வீடுகள். நாயன்மார்திடல், சிப்பித்திடல், கள்ளிமேடு, பட்டிமேடு என்று ஊர்ப் பெயர்களே அப்படித்தான். ஒவ்வொரு திடலிலும் தென்னை, மா, பலா, ஒரு சின்னக் கோயில், அடுத்த திடலுக்குப் போக வயலை ஊடறுத்து ஒரு ரோட்டு. சைக்கிளில் போகிறவருக்கு இதைவிட நல்ல அமைப்பு வேறு இல்லை, ஏனென்றால் கொஞ்சத் தூரம் வெயிலில் வெட்டவெளி, பிறகு மர நிழல், பிறகு திரும்ப வெட்டவெளி என்று மாறி மாறி வரும். வழி தப்பினாலும் கவலை இல்லை. உயரமாகத் தெரிகிற தென்னைகளைப் பார்த்துப் போனால் ஒரு திடலில் ஏறிவிடலாம், அங்கே யாரையாவது கேட்கலாம்.

கோயிலடியில் கட்டாயம் நில்லுங்கள். ஆதிகோணநாயகர் கோயில் அங்கேதான். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் போர்த்துக்கேயர் கோணேசர் கோயிலை இடித்தபோது அங்கிருந்து காப்பாற்றப்பட்ட விக்கிரகங்கள் இங்கே கொண்டுவரப்பட்டதாகத்தான் பரம்பரையாகச் சொல்லி வருகிறோம். கோயில் வாசலில் காலுறையோடும் இறுக்கமான சைக்கிள் காற்சட்டையோடும் நிற்க உங்களுக்கே கூச்சமாக இருக்கும், ஒரு சாரமோ வேட்டியோ மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போங்கள். மனைவி ஒரு சால்வை கொண்டுபோனால் போதும்.

எந்த மாதத்தில் போகிறீர்கள் என்பதைப் பொறுத்து அந்த வெளி வேறு வேறு ஊராகத் தெரியும். சிறுபோகம் விதைத்துக் கொஞ்ச நாளில், வைகாசி ஆனி அளவில், இளம்பச்சை. அறுவடை நேரம், அதாவது பெரும்போகத்துக்கு மாசி பங்குனி, சிறுபோகத்துக்கு ஆவணி புரட்டாதி, ரோட்டுத்தான் களம். கார்ப்பெட் ரோட்டில் ஒரு பக்கத்தை முழுக்க நெல்லைப் பரவிவிடுவார்கள், விளிம்பில் கல்லோ மரக்கட்டையோ வைத்து எல்லை கட்டியிருப்பார்கள். ஒரு அம்மா குடையைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலால் நெல்லைத் தள்ளித் தள்ளி நடப்பார், நடந்த இடமெல்லாம் கோடு கோடாக வயல் உழுத மாதிரி விழும், அந்த முனை வரைக்கும் போய்த் திரும்பி அடுத்த கோடு. அடியில் இருக்கிற நெல் மேலே வந்து காய வேண்டும் என்பதற்காக வெயில் போகும் வரைக்கும் இதுவே வேலை. அந்த நெல்லின் மேல் சக்கரத்தை ஏற்றாதீர்கள். ஓரமாக மிஞ்சியிருக்கிற ரோட்டில் மெதுவாகப் போங்கள், எதிரே வாகனம் வந்தால் நீங்கள் இறங்கி நில்லுங்கள். நெல்மணியில் சக்கரம் ஏறினால் மணலில் ஏறியது போலவே வழுக்கும் என்பது ஒரு காரணம், அது ஒரு குடும்பத்தின் முழுப் போகத்து உழைப்பு என்பது பெரிய காரணம். அறுவடை நேரத்தில் இன்னொன்று, வைக்கோல். வெட்டு மெஷின் போன வழியெல்லாம் வைக்கோல் சிந்திக் கிடக்கும், பின் கியருக்குள்ளும் செயினுக்குள்ளும் சுற்றிக்கொண்டால் மிதிக்க மிதிக்க இறுகும். ஏதோ உரசுகிற சத்தம் கேட்டவுடன் நிறுத்தி கையால் எடுத்துவிடுங்கள், பிறகு பார்க்கலாம் என்று போனால் கியர் கம்பியே வளைந்துவிடும்.

வாய்க்கால் கரை ரோட்டுகள் பெரும்பாலும் கிறவல். மழை இல்லாத காலத்தில் இறுகி நன்றாக இருக்கும், மெல்லிய ரயர் போட்ட பந்தய சைக்கிளுக்கு மட்டும் சரிவராது. ரயர் 32 மில்லிமீற்றரோ அதற்கு மேலோ இருந்தால் எங்கும் போகலாம். ஊரவர்களின் லுமாலா சைக்கிள்கள் இந்த ரோட்டுகளில் கரியரில் உரப்பையும் வைத்துக்கொண்டு நாளாந்தம் ஓடுகின்றன. மாரிக்குப் பிறகு சில இடங்களில் கிறவல் கழுவுண்டு போய் மதகு ஓரம் பள்ளம் விழுந்திருக்கும், மதகைக் கண்டால் வேகத்தைக் குறையுங்கள்.

இப்போது இதையே ஒரு சுற்றாக ஆக்கலாம். வந்த வழியே திரும்பாமல் தம்பலகாமத்திலிருந்து கிண்ணியாப் பக்கம் போகிற ரோட்டைப் பிடியுங்கள். வயல், சேற்று நிலம், எருமைகள், கரைகளில் நாரையும் கொக்கும். கிண்ணியாவுக்கு வந்து பாலத்தால் கடந்து வெள்ளைமணல், சீனக்குடா வழியாகப் பட்டினம். மொத்தம் ஏறக்குறைய 60 கிலோமீற்றர், இடையில் நின்று சாப்பிட்டு வந்தாலும் அரை நாள் பயணம். கச்சான் காலத்துக்கு இந்தச் சுற்று இந்தத் திசையில்தான் சரி, தலைகீழாகப் போனால் கிண்ணியாவிலிருந்து தம்பலகாமம் வரும் பகுதியில் எழும்பிய காற்று எதிர்க்கும்.

கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. 396 மீற்றர், அந்த நேரம் இலங்கையின் மிக நீளமான பாலம். அதற்கு முன் இந்தக் கழிமுகத்தைக் கடக்கப் பாதை என்கிற மிதவைதான், வாகனமும் ஆளும் ஏறி நிற்க மெதுவாக அக்கரைக்குப் போகும். மூதூர் வரைக்கும் இப்படித் துறைக்குத் துறை காத்திருந்து போன காலம் ஒன்று இருந்தது. இப்போது சைக்கிளில் கொஞ்ச நிமிடத்தில் கடக்கலாம், ஆனால் பாலத்தின் நடுப்பகுதியில் பக்கக் காற்று பலமாக இருக்கும், ஹான்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கைப்பிடிச் சுவருக்கு மிக அருகில் ஒட்டாமல் போங்கள். ஒரு பக்கம் தம்பலகாமக் குடா, மறுபக்கம் கொட்டியாரக் குடா. காலையில் போனால் கீழே வலை வீசுகிறவர்களைப் பார்க்கலாம். நிற்பதானால் பாலம் முடிந்து ஓரமாக நில்லுங்கள், நடுவில் வேண்டாம்.

தம்பலகாமம் தூரம் என்று படுகிற நாளில் கிண்ணியா மட்டும் போய் வாருங்கள். பட்டினத்திலிருந்து 20 கிலோமீற்றருக்குள்தான். சீனக்குடாவில் விமானப்படை முகாம் பக்கமாகத் திரும்பியதும் லொறி குறைந்துவிடும். காட்டுக்குள் பிரித்தானியர் காலத்து எண்ணெய்க் குதங்கள் இருக்கிற பகுதி அது, ரோட்டை விட்டு உள்ளே இறங்கிப் படம் எடுக்கப் போகாதீர்கள், முகாம்களுக்குப் பக்கத்திலும் கமராவை எடுக்காதீர்கள். பாலத்தைக் கடந்து கிண்ணியா பஸாரில் நெரிசல் இருக்கும், அதைத் தாண்டி ஆலங்கேணி, ஈச்சந்தீவுப் பக்கம் போனால் திரும்ப அமைதி. தென்னந்தோட்டம், மணற்பாங்கான வளவுகள், தோட்டப் பயிர், குறுக்கும் நெடுக்குமாக ஒழுங்கைகள். மனைவியோடு முதல் தடவை போவதற்கு இது நல்ல இடம். வெள்ளிக்கிழமை மட்டும் கொஞ்சம் யோசியுங்கள், ஜும்ஆ நேரத்தில் கிண்ணியாவிலும் மூதூரிலும் பள்ளிவாசல்களைச் சுற்றி ரோட்டு நிறைந்திருக்கும், கடைகளும் பூட்டியிருக்கும். நோன்பு மாதத்தில் பகலில் தேத்தண்ணிக் கடை எதிர்பார்க்க முடியாது, கையில் கொண்டுபோங்கள், ரோட்டில் எல்லார் முன்னும் நின்று குடிக்காமல் ஓரமாகக் குடியுங்கள். வழி கேட்கும்போது காக்கா (இங்கே முஸ்லிம் ஆட்கள் அண்ணனைச் சொல்வது) என்று கூப்பிட்டுக் கேட்டால் வழியும் சொல்லி, எங்கிருந்து வாறீங்க என்று கேட்டு, தண்ணியும் தருவார்கள்.

கிண்ணியாவில் எருமைத் தயிர் சாப்பிடாமல் வராதீர்கள். மண் சட்டியில் இறுகிக் கிடக்கும், கவிழ்த்தாலும் விழாது. அங்கேயே கொஞ்சம் சாப்பிடுங்கள், மிச்சத்தை வீட்டுக்குக் கொண்டுவருவதானால் சட்டியைக் கரியரில் கட்டாமல் பையில் துணி சுற்றி முதுகில் போடுங்கள். கரியரில் கட்டிய சட்டி ஒரு பள்ளத்தோடு உடையும்.

கிண்ணியாவுக்கு அப்பால் மூதூர் ரோட்டு. உப்பாறு, கங்கை, இறால்குழி என்று பாலம் பாலமாக வரும், ஏனென்றால் மகாவலி கிளை பிரிந்து கொட்டியாரக் குடாவில் விழுகிற இடம் இது. 335 கிலோமீற்றர் ஓடி வந்த ஆறு கடைசியில் கண்டல் மரங்களுக்கு நடுவே அவசரமே இல்லாமல் கடலில் சேர்வதைச் சைக்கிளில் போகிறவர்தான் சரியாகப் பார்க்க முடியும், பஸ்ஸில் போனால் பாலம் வந்ததும் தெரியாது போனதும் தெரியாது. இந்த ரோட்டில் வாகனம் குறைவு, வருகிறவை வேகமாக வரும். நிழலும் குறைவு. போய்த் திரும்ப ஒரு முழு நாள் ஆகும், அதனால் ஒரு வழிக்குப் பட்டா லொறியையோ வானையோ பிடிப்பது புத்தி.

மூதூரிலிருந்து கிழக்கே கட்டைபறிச்சான், சேனையூர், சம்பூர். இதை நான் தனியாகச் சொல்ல வேண்டும். கழி, வயல், பனங்கூடல், பிறகு கடல் என்று எல்லாம் கொஞ்சத் தூரத்துக்குள் வருகிற அழகான பகுதி, ரோட்டும் அமைதி. ஆனால் சம்பூர் மக்கள் 2006இல் இடம்பெயர்ந்து, பலர் 2015, 2016 அளவில்தான் தங்கள் காணிகளில் திரும்பக் கால் வைத்தார்கள். உடைந்த சுவர்களும் புது வீடுகளும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். வேடிக்கை பார்க்கிற மாதிரி நின்று வீடுகளைப் படம் எடுக்காதீர்கள். ஒரு கடையில் நின்று சோடா வாங்குங்கள், பேச விரும்பினால் அவர்களாகவே பேசுவார்கள், அப்போது கேளுங்கள். பட்டினத்தில் வாங்கக்கூடிய பிஸ்கற்றையும் தண்ணீரையும் இந்த ஊர்க் கடைகளில் வாங்குங்கள் என்று நான் எல்லாரிடமும் சொல்வது இதனால்தான். ஆங்கிலக் கப்பலோட்டி ரொபர்ட் நொக்ஸ் 1660இல் கண்டி அரசனின் ஆட்களிடம் பிடிபட்டதும் இந்தக் கொட்டியாரக் கரையில்தான், மூதூரில் கேட்டால் அந்த இடத்தைக் காட்டுவார்கள்.

இனி நிலாவெளி. பட்டினத்தை விட்டு அலஸ்தோட்டம், உப்புவெளி வரைக்கும் ஹோட்டல்களும் முச்சக்கர வண்டிகளும்தான், பருவகாலத்தில் வெளிநாட்டுக்காரரும் வாடகை ஸ்கூட்டரும் சேர்ந்துகொள்ளும். உப்புவெளியில் இரண்டாம் உலகப்போர் வீரர்களின் மயானம் ரோட்டோரத்திலேயே இருக்கிறது, புல் வெட்டிச் சுத்தமாக வைத்திருப்பார்கள், ஒரு பத்து நிமிடம் இறங்கிப் பார்க்கலாம். சாம்பல்தீவுப் பாலம் தாண்டினால் ஊர்க்களை வரும். சல்லிப் பக்கம் கடலுக்கு இறங்குகிற ரோட்டில் போனால் மீனவ ஊரும் அம்மன் கோயிலும், காலையில் கரைவலை இழுக்கிற நாளாக இருந்தால் அதிர்ஷ்டம். நிலாவெளி கடந்து இறக்கக்கண்டிப் பாலத்துக்கு அப்பால்தான் உண்மையில் ரோட்டு காலியாகும். கும்புறுப்பிட்டி, குச்சவெளி, ஒரு பக்கம் கடல், மறுபக்கம் கரைச்சி என்கிற உவர்நிலமும் உப்பளமும் பனையும். குச்சவெளி ஏறக்குறைய 34 கிலோமீற்றர், போய்த் திரும்பினால் 70க்குக் கிட்ட வரும், மாசி பங்குனியில் விடியப்புறம் புறப்பட்டால் நல்ல பயணம். அதற்கு அப்பால் திரியாய், புல்மோட்டைப் பக்கம் காடு, யானை, தூரத்துக்குத் தூரம் ஆளில்லாத ரோட்டு. தனியாகப் போக வேண்டாம்.

கடற்கரை ரோட்டில் ஓடிய நாளில் வீட்டுக்கு வந்ததும் சைக்கிளை நல்ல தண்ணீரால் கழுவித் துடைத்துச் செயினுக்கு எண்ணெய் விடுங்கள். உப்புக்காற்றில் செயின் இரண்டு நாளில் சிவந்துவிடும்.

கன்னியா வெந்நீரூற்றுக்குப் போகலாமா என்று பலர் கேட்பார்கள். கிட்டத்தான், எட்டு கிலோமீற்றர் போல, ஏழு கிணறும் பார்த்துக் குளித்து வரலாம், ஒரு காலைக்குப் போதும். ஆனால் அங்கிருந்து அனுராதபுர வீதியில் மேற்கே தொடர்ந்து போகாதீர்கள். காட்டு ரோட்டு, யானை நடமாட்டம். கந்தளாய் தாண்டி ஹபரணைப் பக்கமும் அதே கதை, அதோடு லொறியும் சேரும்.

யானையைப் பற்றிப் பயம் காட்டச் சொல்லவில்லை. வயலோர ஊர்களில் விளைச்சல் நேரத்தில் இரவில் யானை இறங்கும், கமக்காரர் வெடி கொளுத்தி விரட்டுவார்கள், அது அவர்களுக்கு நாளாந்தப் போராட்டம். உங்களுக்கு ஒரே விதிதான். வெளிச்சம் வந்த பிறகு புறப்படுங்கள், வெளிச்சம் போகும் முன் வீட்டில் இருங்கள். காடு ஒட்டிய எந்த ரோட்டிலும் போகும் முன் கடைசிக் கடையில் நிறுத்தி, அண்ணை, இந்தப் பக்கம் ஆனை நிக்குதா என்று கேளுங்கள். நிற்குது என்றால் திரும்புங்கள். ஓரத்தில் புதிதாக விழுந்த லத்தியும் முறிந்த கிளையும் கண்டாலும் திரும்புங்கள், சைக்கிளில் யானையை விட வேகமாக ஓடலாம் என்று நினைக்க வேண்டாம். பின்னேரத்தில் மாடுகள் பட்டிக்குத் திரும்பும், ரோட்டு முழுக்க அவைதான். பெல் அடித்தால் விலகாது. பின்னால் மெதுவாகப் போங்கள், வழி கிடைக்கும்.

தண்ணீர் இரண்டு போத்தல். கச்சான் காலத்தில் வேர்வை தெரியாமலே காய்ந்துவிடும், தாகம் எடுக்கும் முன் குடிக்க வேண்டும். பாமசியில் ஜீவனிப் பக்கற் ஒன்று வாங்கிப் பையில் போட்டு வையுங்கள், தலை சுற்றினால் கரைத்துக் குடிக்கலாம். இளநீர் வழியெல்லாம் கிடைக்கும். ஆனி ஆடியில் ரோட்டோரத்தில் பாலப்பழமும் வீரைப்பழமும் சுருள் சுற்றி விற்பார்கள், வாங்குங்கள், கடையில் கிடைக்கிற பழம் இல்லை அது. பாலப்பழம் உதட்டில் பிசின் ஒட்டும், அதற்கும் தண்ணீர் வேண்டும்.

மேலதிக ரியூப் ஒன்று, கைப் பம், ரயர் கழற்றுகிற கட்டை, இவ்வளவும் இல்லாமல் வயல் பக்கம் போகாதீர்கள். ஓரத்தில் நெருஞ்சி முள் கிடக்கும், இறங்கித் தள்ளும்போதுதான் பெரும்பாலும் ஏறும். ஊர்ச் சந்திகளில் சைக்கிள் திருத்துகிற கடை இருக்கும், பஞ்சர் ஒட்டுவார்கள், ஆனால் மெல்லிய வால்வு உள்ள ரியூப் அவர்களிடம் இருக்காது, அவர்களின் பம்மும் அதற்குப் பொருந்தாது. பொருத்துகிற சின்னப் பித்தளை மூடி ஒன்றைப் பட்டினத்தில் வாங்கி வைத்தால் எந்தப் பம்மிலும் காற்று அடிக்கலாம்.

முதல் தடவைக்கு என் யோசனை இது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆறு மணிக்குத் தனியாகக் கிண்ணியாப் பாலம் தாண்டிப் போய் ஆலங்கேணியில் தேத்தண்ணி குடித்து ஒன்பதரைக்குள் வீட்டுக்கு வாருங்கள். கால் எப்படி இருக்கிறது, காற்று எப்படி அடிக்கிறது என்று அதில் விளங்கிவிடும். அடுத்த கிழமை மனைவியையும் கூட்டிக்கொண்டு பட்டா லொறியில் தம்பலகாமம் கோயிலடியில் இறங்கி, திடல்களுக்குள் இருபது கிலோமீற்றர் ஓடிப் பாருங்கள். இரண்டு பேருக்கும் பிடித்துவிட்டால், அதற்குப் பிறகு முழுச் சுற்று. மூதூர்ப் பக்கம் போகத் தயாரானதும் எழுதுங்கள், எந்தப் பாலத்தடியில் நிழல் இருக்கிறது, எந்தக் கடையில் மத்தியானச் சாப்பாடு கிடைக்கும் என்று அந்த நேரத்து நிலைமையைக் கேட்டுச் சொல்கிறேன்.